செயற்கை இழையையும் பிளாஸ்டிக்கையும் இனங்கண்டு கையாளுவது எப்படி?

பாலியெஸ்டர் சேலையும் கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் ஒரே வேதிப்பொருளால் ஆனவை. உருக்கிய அப்பொருளை நுண்துளைகள் வழியே இழுத்தால் இழை கிடைக்கிறது; அச்சுக்குள் ஊதினால் பாட்டில் கிடைக்கிறது. அதேபோல், அரிசியும் சர்க்கரையும் வரும் வெள்ளைப் பின்னல் சாக்கு, ஜவுளிக் கடைகளில் தரப்படும் துணி போன்ற பை, சூடு தாங்கும் சாப்பாட்டு டப்பா ஆகிய மூன்றுமே பாலிபுரொப்பிலீன் என்ற ஒரே பிளாஸ்டிக். எனவே துணியையும் பிளாஸ்டிக்கையும் வெவ்வேறாகக் கருதாமல், கையில் இருப்பது எந்தப் பொருள் என்று முதலில் அறிந்துகொள்வதே சரியான தொடக்கம். எதை அடுப்பருகே உடுத்தலாம், எதில் சுடுநீர் ஊற்றலாம், எதைப் பழைய சாமான் கடையில் போடலாம் என்பவற்றுக்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது. இப்பொருள்களால் நேரும் கேட்டின் பெரும்பகுதி, அவை ஒன்றோடொன்றும் உணவுக் கழிவோடும் கலந்து, பிறகு யாராலும் பிரிக்க முடியாமல் போவதால் வருகிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் முறைகள் அனைத்தும் அந்தக் கலப்பைத் தவிர்ப்பதற்கானவை.

துணியை இனங்காணுதல்

சட்டையின் உள்தையலில் இருக்கும் சிறு பட்டையில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் வேலை எளிது. சேலை, வேட்டி, அளந்து வெட்டி வாங்கிய துணி ஆகியவற்றில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது நூலை எரித்துப் பார்க்கும் பழைய சோதனை உதவும். துணியின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றையும் குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒன்றையும் தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு இழையாக இருக்கக்கூடும் என்பதால் ஒன்றை மட்டும் சோதித்து முடிவுக்கு வரக் கூடாது. நூலை இடுக்கியால் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டும் அருகில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். கைவிரல் நீளத்துக்கு மேற்பட்ட நூல் தேவையில்லை. குழந்தைகள் தனியாகச் செய்யக் கூடாது.

பருத்தி நூல் சுடரைக் கண்டு பின்வாங்காமல் உடனே பற்றிக்கொள்ளும். காகிதம் எரியும் வாடை வரும். தொட்டால் பொடியாகும் மெல்லிய சாம்பல் எஞ்சும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடையோடு சுருண்டு, நசுக்கினால் தூளாகும் கரிய முடிச்சாக நிற்கும். பாலியெஸ்டர், நைலான் இரண்டும் சுடர் தொடுவதற்கு முன்பே சுருங்கி உருகும். ஆறிய பிறகு நுனியில் நகத்தால் நசுக்க முடியாத கெட்டியான மணி ஒன்று இருக்கும். கரும்புகையும் கறுத்த மணியும் பாலியெஸ்டருக்கு உரியவை. நைலானில் புகை குறைவு. குளிர்காலச் சுவெட்டர்களில் கம்பளிக்கு மாற்றாக வரும் அக்ரிலிக் புகைந்து வேகமாக எரியும். அதன் புகை நச்சுத்தன்மை உடையது என்பதால் அதை இவ்வாறு சோதிக்க வேண்டாம்.

கலப்புத் துணியில்தான் கண் ஏமாறும். பருத்தி என்று சொல்லி விற்கப்படும் துணி காகிதம் போலவே எரிந்தாலும், ஆறிய சாம்பலை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மணல் போல உறுத்தும் கடினத் துகள்கள் இருந்தால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. ரேயானோ மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் செல்லுலோஸ் என்பதால் பருத்தியைப் போலவே எரிந்து, எரிப்புச் சோதனைக்குப் பிடிபடாமல் தப்பிவிடும். அதற்கு வேறு வழி உண்டு. நூலின் நடுப்பகுதியை மட்டும் நீரில் நனைத்து இரு முனைகளையும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே எளிதில் அறுந்தால் அது ரேயானாக இருக்க வாய்ப்பு மிகுதி. பருத்தி நனைந்தால் வலு கூடுமே தவிரக் குறையாது.

பிளாஸ்டிக்கை இனங்காணுதல்

பிளாஸ்டிக்கை எரித்துச் சோதிக்கவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும், டையாக்சின் எனப்படும் நச்சுப் பொருள்களும் வெளிப்படும். பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரையுள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்பது பெட், அதாவது பாட்டில் வடிவில் உள்ள பாலியெஸ்டர். 2 ஷாம்பு, பினாயில் பாட்டில்களின் அடர்த்தி மிகுந்த பாலித்தீன், 3 பி.வி.சி.; 4 மெல்லிய கவர்களின் பாலித்தீன்; 5 பாலிபுரொப்பிலீன்; 6 தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன்; 7 மற்றவையும் கலவைகளும். அந்த எண் பொருள் எது என்பதை மட்டுமே சொல்கிறது. முக்கோணம் இருப்பதாலேயே அது மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது.

எண் இல்லாவிட்டால், சிறு துண்டை வெட்டி, சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் அமிழ்த்தி விடுங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை என்பதால் மேலே வந்துவிடும், பெட், பி.வி.சி., பாலிஸ்டைரீன் மூன்றும் மூழ்கும். தெர்மோகோல் மிதப்பது அதற்குள் அடைபட்ட காற்றினால் மட்டுமே. தண்ணீர் பாட்டிலின் மூடி மிதக்கும், உடல் மூழ்கும். மறுசுழற்சி ஆலைகளில் நொறுக்கிய பாட்டில்களிலிருந்து மூடித் துண்டுகளைப் பிரிப்பதும் இதே நீர்த்தொட்டி முறையில்தான்.

உருக்கி மீண்டும் வார்க்கவே முடியாத பிளாஸ்டிக்கும் உண்டு. 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டும், மெலமைன் தட்டுகளும் அத்தகையவை. குக்கர் கைப்பிடியும் பழைய மின்சுவிட்சும் சூட்டில் உருகாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. உடைந்தால் இவற்றை வேறு பிளாஸ்டிக்கோடு சேர்க்கக் கூடாது.

பயன்படுத்துதலும் துவைத்தலும்

1935-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக் குழு நைலானை உருவாக்கியது. 1941-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர்களான வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினார்கள். இவற்றின் வலிமையை மறுப்பதற்கில்லை. கடலில் ஊறினாலும் அழுகாத மீன்வலை, பாறையேற்றக் கயிறு, பாராசூட், பல் துலக்கும் தூரிகையின் இழை என்று பருத்தியால் ஆகாத வேலைகளை நைலான் செய்கிறது. அந்த வலிமையை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. மழைக்கோட்டுக்கும் குடைத் துணிக்கும் அது சிறப்பு; சித்திரை வெயிலில் அணியும் உள்ளாடைக்கும் கைக்குழந்தையின் சட்டைக்கும் அது பொருந்தாது.

அடுப்பருகே வேலை செய்யும்போதும் தீபாவளிப் பட்டாசு வெடிக்கும்போதும் பாலியெஸ்டர், நைலான், ஜார்ஜெட் வகைத் துணிகளைத் தவிர்த்து, உடலை ஒட்டிய பருத்தி ஆடைகளையே உடுத்துங்கள். பருத்தியும் தீப்பற்றும் என்றாலும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு காயத்தை ஆழமாக்கும். அப்படி நேர்ந்துவிட்டால், ஒட்டிய துணியைப் பிடித்து இழுக்காமல், ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செயற்கைத் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து சாக்கடை வழியே ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. முழுவதும் தடுக்க இயலாது, நன்றாகக் குறைக்கலாம். ஒருமுறை உடுத்தியதும் அழுக்கில்லாத துணியைத் துவைக்கப் போடாமல் காற்றாட விரித்து மீண்டும் உடுத்தலாம். இயந்திரத்தில் துவைப்பதானால் குளிர்நீரில், குறுகிய நேரச் சுழற்சியில், தொட்டி நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்த பிறகு துவையுங்கள். குறைவான துணி நிறைய நீரில் அலைக்கழியும்போது உதிர்வு மிகும். ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிகளோடு மெல்லிய பாலியெஸ்டரைச் சேர்க்க வேண்டாம். வடிகட்டிப் பையில் படியும் பஞ்சைப் பலர் குழாயடியில் அலசிவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் பிடிபட்ட இழைகளை நாமே மீண்டும் நீரில் விட்டதாகிவிடும். உலர்ந்த பஞ்சை விரலால் சுருட்டி எடுத்து மக்காத குப்பையில் போட வேண்டும்.

உணவுக்கு வந்தால், பெட் பாட்டில் 75 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும் என்பதால் அதில் கொதிநீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டி வாங்குவதை அறவே விட்டு, தூக்குச் சட்டியோ எவர்சில்வர் டப்பாவோ கொண்டுபோவது நல்லது. வெயிலில் கிடந்து வெளுத்து, தொட்டால் பொடி உதிரும் பிளாஸ்டிக் கயிறு, நாற்காலி, தார்ப்பாய் ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். புற ஊதாக் கதிரால் சிதைந்த அந்தப் பொடி மண்ணில் கலந்தால் திரும்ப எடுக்க முடியாது.

வாங்காமல் விடுதலும் கழித்தலும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. எந்தத் தடிமனில் இருந்தாலும் கைப்பிடிப் பை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மோகோல் தட்டு ஆகியவை அதில் அடங்கும். துணிப்பை என்று எண்ணிப் பலர் ஏற்கும் நெய்யாத பாலிபுரொப்பிலீன் பையும் அப்பட்டியலில் உள்ளதே. அதை அடையாளம் காண, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: பாவும் ஊடும் தெரியாது, சூட்டால் ஒட்டிய சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் நினைவூட்டுவது நெய்த பருத்திப் பையைத்தான்.

வாங்கியாகிவிட்ட பொருளை உலர்ந்ததாகவும் சுத்தமானதாகவும் தனித்து வைத்தால் அதற்கு விலை உண்டு. பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையை முழுவதும் வெட்டி எறியாமல், ஒரு நூல் அளவு ஒட்டியிருக்கும்படி வெட்டினால் அந்தச் சிறு முக்கோணம் சாக்கடைக்குப் போகாது. பாலை ஊற்றிய கையோடு கவரை அலசி, அந்த நீரைச் செடிக்கு ஊற்றி, சமையலறைக் கம்பியில் காயப்போட்டுக் கட்டி வைத்தால் பழைய பேப்பர்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். அதே கவர் மீந்த சோற்றோடு முடிச்சுப் போடப்பட்டுத் தெருவில் விழுந்தால், மாடு சோற்றுக்காகக் கவரையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காமல் வயிற்றில் திரண்டு, இரைக்கு இடமில்லாமல் மாட்டைக் கொல்கிறது.

பெட் பாட்டிலைக் கழுவி, மூடியைத் தனியாக வைத்துக் கொடுங்கள். அது நொறுக்கப்பட்டுப் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. அவ்விழையால் ஆன சட்டை மீண்டும் சட்டையாவது மிக அரிது என்பதால், பாட்டிலிலிருந்து செய்த உடை என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தேவையற்ற உடை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்றவை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. பிரிக்க வழியில்லாததால் பெரும்பாலும் குப்பைமேட்டிலோ சிமென்ட் ஆலைச் சூளையிலோ முடிகின்றன. பெரிய பாட்டிலாக வாங்குவதே இவற்றுக்குத் தீர்வு. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கப்படும் பி.எல்.ஏ. கப்புகளும் வீட்டு உரத்தொட்டியில் மக்குவதில்லை. ஏறத்தாழ 60 பாகை சூட்டில் இயங்கும் ஆலை உரக்கிடங்கு அவற்றுக்கு வேண்டும். பெட் பாட்டில்களோடு அவை கலந்தால் அந்தத் தொகுதியின் தரமே கெடும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச்சாலை அமைக்கும் முறையை உருவாக்கி, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அம்முறையிலும் பி.வி.சி.யைச் சேர்க்கக் கூடாது என்பதால், கவர்களோடு ரெக்சின் துண்டுகளையும் பழைய ஒயர் உறைகளையும் போட்டு அனுப்பாதீர்கள். பழைய சேலைகளை முதலில் உடுத்தத் தக்கவை, கிழிந்தவை என்று பிரியுங்கள். உடுத்தத் தக்கவற்றைத் துவைத்து மடித்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கலாம். கிழிந்த பருத்தித் துணி துடைக்கப் பயன்படும். நீரை உறிஞ்சாத செயற்கைத் துணி துடைக்க உதவாது. அதைத் தலையணை உறைக்குள் திணிக்கவும், மாடித் தோட்டத்துப் பந்தலில் கொடிகளைக் கட்டவும் வைத்துக்கொண்டு, எஞ்சியதை உலர்ந்த நிலையில் தூய்மைப் பணியாளரிடம் மக்காத குப்பையாகத் தனியே கொடுத்துவிடுங்கள். போகிக்கு அதைக் கொளுத்த வேண்டாம்.