கல்லீரல் ஆபரேஷனில் கிளாம்ப் (ரத்தக் குழாயை அடைக்கும் இடுக்கி) போட்டும் ரத்தம் நிற்கவில்லையா?

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. பெரும்பகுதி குடலிலிருந்து வரும் போர்ட்டல் வெயின் என்ற சிரை வழியாக, மீதி தமனி வழியாக. இரண்டும் பித்தக்குழாயோடு ஒரே கற்றையாக உள்ளே போவதால் அதைச் சேர்த்துப் பிடித்து அடைக்கலாம் என்று கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-லேயே எழுதிவிட்டார். இன்றும் முதலில் கை போவது அங்கேதான்.

சரி, அடைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வருகிற ரத்தம்தான் நின்றது. கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாடிக் வெயின்கள் மேலே வீனா கேவா என்ற, இதயத்துக்குப் போகும் பெரிய சிரையில் போய்ச் சேருகின்றன, அங்கே அழுத்தம் ஏறியிருந்தால் ரத்தம் பின்னோக்கி வந்து வெட்டிய இடத்தில் பொங்கும், கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. இதற்கு வழி அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர் கையில் இருக்கிறது. எப்படியும் ரத்தம் போகத்தானே போகிறது என்று ஆரம்பத்திலேயே சலைனை ஓடவிட்டால் வெயின் புடைத்து நிற்கும். வெட்டி முடிக்கும்வரை சி.வி.பி. (இதயத்துக்கு அருகே பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 5-க்குக் கீழே, திரவமெல்லாம் அப்புறம். இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும், நடுவில் கத்திப் பிரயோஜனமில்லை. ரொம்பவும் இறக்கினாலும் ஆபத்து: திறந்த வெயின் காற்றை உறிஞ்சிவிடும், மானிட்டரில் மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று விழுந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெயினில் ஓட்டை விழுந்தால் பதறிக் கண்ணை மூடிக்கொண்டு கிளாம்பால் கவ்வாதீர்கள், டயாதெர்மியும் (மின்சூட்டால் தீய்க்கும் கருவி) வைக்காதீர்கள். சுவர் அவ்வளவு மெல்லியது, ஓட்டைதான் பெரிதாகும். விரலை வைத்து லேசாக அழுத்துங்கள், சக்ஷனால் ரத்தத்தை உறிஞ்சி இடத்தைப் பாருங்கள், பிறகு மெல்லிய புரோலீன் நூலில் ஒரு தையல்.

வருவது கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக, அதுவும் இடது பக்கத்தில் துடித்து வருகிறதா? சிலருக்குக் கல்லீரலின் இடது தமனி இரைப்பைத் தமனியிலிருந்து கிளம்பி, பிடித்த கற்றைக்கு வெளியே வரும். ஸ்கேனில் முன்கூட்டியே தேடியிருக்க வேண்டிய விஷயம். இப்போது லெஸ்ஸர் ஓமெண்டத்தில் (இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு) பார்த்துத் தனியாக அடையுங்கள்.

நேரத்தை மனக்கணக்கில் விடாதீர்கள். 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறப்பது வழக்கம், சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கி இறுகும் நோய்) இருந்தால் இன்னும் கவனம். சிஸ்டர் யாராவது சத்தமாகச் சொல்லட்டும்.

விபத்துக் கேஸ்களில் கல்லீரல் கிழிசலுக்குள்ளேயே மாப் (ரத்தம் உறிஞ்சும் துணி) திணிக்கிறார்கள், கிழிசல் இன்னும் விரியும். வெளியே மேலும் கீழும் வைத்து, பிளந்த பாகங்கள் ஒன்றோடொன்று சேரும்படி அழுத்துங்கள். வைத்த பிறகு பி.பி. இறங்கினால், ரத்தம் போவதால் மட்டும்தான் என்று முடிவுகட்டாமல் மாப்பையும் பாருங்கள், வீனா கேவாவே நசுங்கியிருக்கலாம்.