வேலூரின் பகுதிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஒப்பிடுவது எப்படி?

சத்துவாச்சாரியையும் சைதாப்பேட்டையையும் தோட்டப்பாளையத்தையும் ஒப்பிட விரும்புவோருக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு அட்டவணைகள் மிகவும் பயன்படும் என்றாலும், எண்களைத் தொடுவதற்கு முன் எல்லையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்று வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கும் சத்துவாச்சாரியும் தாராபடவேடும் அக்கணக்கெடுப்பில் தனி நகரங்களாகவே பதிவாயின; மாநகராட்சியின் இன்றைய 60 வார்டுகள் வகுக்கப்பட்டது அதன் பிறகுதான். ஆகவே இன்றைய வார்டு எண்ணை வைத்துப் பழைய அட்டவணையைத் தேடினால் வேறொரு பகுதியின் விவரமே கிடைக்கும். 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டத்தின் கீழேயே இந்த அட்டவணைகள் உள்ளன என்பதையும் நினைவில் கொள்க.

அடுத்தது வகுக்கும் எண். எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,000 பேர் வாழும் வார்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 120 பேர், எழுத்தறிந்தோர் 700 பேர் எனக் கொண்டால், 700ஐ 880ஆல் வகுக்க வேண்டும், விடை 79.5 விழுக்காடு. குழந்தைகளைக் கழிக்காமல் விட்டால் 70 என்றே வரும். குழந்தைகள் மிகுந்த ஏழைப் பகுதிகளுக்கு இதனால் பெரும் அநீதி நேரும்.

பாலின விகிதத்தைப் படிக்கையில் சிறை, விடுதி போன்ற நிறுவனக் குடியிருப்புகளையும் கருத வேண்டும். மத்திய சிறை இருக்கும் தொரப்பாடியில் ஆண்கள் மிகுந்திருந்தால் அதை அங்குள்ள குடும்பங்களின் இயல்பாகக் கொள்ளக் கூடாது.

வீட்டு வசதி விவரங்கள், அதே கணக்கெடுப்பின் முதற்கட்டமாக 2010இல் நடந்த வீட்டுப்பட்டியல் பணியைச் சேர்ந்தவை. அவற்றின் விழுக்காடு குடும்பங்களைக் கொண்டது, ஆட்களைக் கொண்டதன்று. வீட்டின் நிலை குறித்த ‘நன்று’ என்ற பதிவைவிடக் கூரைப் பொருள், கழிப்பறை, அறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையே நான் நம்புவேன். குடிநீர் வளாகத்துக்குள் கிடைக்கிறதா, 100 மீட்டருக்குள் கிடைக்கிறதா, அதற்கும் அப்பாலா என்பதையும் அட்டவணை சொல்கிறது. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது அதில் இல்லை. பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் இக்கேள்வியைத் தெருவிலுள்ள பெண்களிடம் நேரில் கேட்டே ஆக வேண்டும்.

2027 கணக்கெடுப்பின் அட்டவணைகள் வெளியானதும் புதிய வார்டைப் பழைய வார்டுடன் நேருக்கு நேர் வைக்காமல், பழைய சத்துவாச்சாரி நகரின் எல்லைக்குள் வரும் புதிய வார்டுகளின் எண்ணிக்கைகளைக் கூட்டி, அதன் பின்னரே விகிதம் காண வேண்டும்.