காதலரைப் பார்க்கச் சிங்கப்பூர் வருகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

இரண்டு வருடம் நாங்கள் கைப்பேசியிலேயே குடும்பம் நடத்தினோம். அவர் திருச்சியில், நான் சிங்கப்பூரின் யீஷூனில். அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே 12.30. தூக்கக் கலக்கத்தில் பேசிப் பேசியே ஒருவரை ஒருவர் முழுசாகத் தெரிந்துகொண்டோம் என்று நினைத்திருந்தோம். அவர் முதல் முறை சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலையில் நான் 2ஆம் முனையத்தில் ரோஜாப்பூவோடு நின்றேன். அவர் 1ஆம் முனையத்தில், கோட்டு போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து நின்றார். ஊர் சிம் இங்கே வேலை செய்யவில்லை. விமான நிலையத்தில் இலவச வைஃபை இருப்பது அவருக்குத் தெரியாது. பயணச்சீட்டை எடுத்துப் பார்த்திருந்தால் எந்த முனையம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். 40 நிமிடம் கழித்து யாரோ ஒரு புண்ணியவானின் கைப்பேசியை வாங்கி என்னைக் கூப்பிட்டார்.

இப்போது அவர் என் வீட்டுக்காரர். அதனாலோ என்னவோ, சித்தி பெண்ணிலிருந்து அலுவலகத் தோழி வரைக்கும், வெளியூரில் ஆள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் மனதுக்குக் கசப்பான விஷயம். ஆளே உண்மைதானா? வீடியோவில் முகம் காட்டாமல், கேமரா கெட்டுவிட்டது என்று மாதக்கணக்கில் சாக்குச் சொல்பவரைப் பார்க்க யாரும் விமானம் ஏறாதீர்கள். "உனக்குப் பரிசு அனுப்பினேன், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, தீர்வை கட்டப் பணம் அனுப்பு" என்று வந்தால் அது காதல் இல்லை, தொழில். சிங்கப்பூரில் மட்டும் 2024இல் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். அதில் காதல் மோசடிக்கும் பங்கு உண்டு. சந்தேகம் வந்தால் இங்கிருப்பவர்கள் 1799, இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணைக் கூப்பிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது விசா. மலேசியா, இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழுக்குக் கட்டாயம் வேண்டும். முகவர் மூலம் எடுக்கலாம். இங்கிருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ தன் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக்) கணக்கு வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் அது திரும்பி வராது. சிலர் இரண்டாண்டு விசா கையில் இருப்பதால் இரண்டாண்டு தங்கலாம் என்றே நினைக்கிறார்கள். விசா என்பது வாசல் வரை வருவதற்கான சீட்டு மட்டும். எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிநுழைவு அதிகாரி முடிவு செய்வார், அது மின்னஞ்சலில் வரும். முன்போலக் கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை என்பதால் பலர் அந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்ப்பதில்லை. அதில் உள்ள தேதியைத் தாண்டினால் குற்றம். 90 நாளுக்கு மேல் போனால் ஆண்களுக்குப் பிரம்படி வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எஸ்ஜி வருகை அட்டை என்ற குடிநுழைவுப் படிவத்தை வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஏமாறாதீர்கள். சரி, குடிநுழைவில் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் "சும்மா ஊர் சுற்ற" என்று சொல்லத் திட்டம் போட்டிருந்தார். பெட்டியைத் திறந்தால் என் பெயர் எழுதிய பொட்டலங்கள் ஏழு. "என் பெண்தோழியைப் பார்க்க வந்தேன், இது அவர் முகவரி, இது நான் தங்கும் இடம், இது திரும்பிப் போகும் சீட்டு" என்றால் அதோடு முடிந்தது. பொய் சொல்லி முழிப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. "அவளைப் பார்த்த மாதிரியும் இருக்கும், அப்படியே ஒரு வேலையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்று சில முகவர்கள் ஆசை காட்டுவார்கள். வருகை அனுமதியில் வந்து வேலை செய்வது சட்டப்படி குற்றம். காதலைக் காட்டி உங்களிடம் காசு பறிக்கும் வழி அது.

பெட்டிக்கு வருகிறேன். நம் அம்மாக்கள் கையில் பெட்டி சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். என் வருங்கால மாமியார், "சம்பந்தி குருமா வைப்பாங்க" என்று கால் கிலோ கசகசாவைத் துணிப்பையில் கட்டி வைத்திருந்தார். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீடியோவில் பெட்டியைக் காட்டும்போது நான்தான் பார்த்து அலறினேன். ஊரில் மளிகைக் கடையில் கிடைக்கும் கசகசா இங்கே தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இங்கே நாங்கள் குருமாவுக்கு முந்திரியைத்தான் அரைக்கிறோம். ஆட்டுக்கறித் தொக்கு, கோழி ஊறுகாய் மாதிரி இறைச்சிப் பண்டங்களும் கூடாது. சூயிங் கம் 1992லிருந்தே தடை. குட்கா, பான் மசாலாப் புகையிலை, ஹான்ஸ் எல்லாம் தடை. மின்சிகரெட்டை வைத்திருந்தாலே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கும் தீர்வையில்லாச் சலுகை கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, அடுத்தவர் பொட்டலத்தைத் தூக்கி வருவது. "நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான், அங்க வந்து ஒருத்தர் வாங்கிப்பார்" என்று கொடுத்தால், எவ்வளவு முகதாட்சண்யம் இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் இங்கே மரண தண்டனை. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

தங்கும் இடத்தில் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். விடுதிக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், இணையத்தில் யாரோ வாடகைக்கு விடும் வீட்டை ஐந்து நாளுக்கு எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும். அதைவிடக் குறைவு என்றால் சட்டவிரோதம். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கத்தில், சிராங்கூன் சாலையையும் அதன் குறுக்குத் தெருக்களையும் ஒட்டிச் சின்ன விடுதிகள் நிறைய இருக்கின்றன. அறை தீப்பெட்டி அளவுதான், ஆனால் காலையில் கீழே இறங்கினால் இட்லி கிடைக்கும். எஃப்1 கார் பந்தயம் நடக்கும் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், விலை எகிறிவிடும். உங்கள் காதலர் ஊழியர் தங்குவிடுதியில் இருக்கிறார் என்றால் அங்கே தங்கும் யோசனையே வேண்டாம். பெண் வீட்டிலேயே தங்கலாமா என்று கேட்கிறார்கள். சட்டம் தடுக்காது. மூன்றறை வீட்டில், ஒரே குளியலறைக்கு முன்னால், வருங்கால மாமனாருக்குப் பின்னால் துண்டோடு வரிசையில் நிற்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் தங்குங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. விசாவைச் சரிபார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதைச் சொல்ல ஆள் இல்லை.

தயவுசெய்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காதீர்கள். சினிமாவில் நன்றாக இருக்கும். இங்கே வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் சட்டப்படி கட்டாயமாகக் கிடைக்கும் விடுப்பு 7 நாள். மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் வாரத்தில் நீங்கள் பூங்கொத்தோடு வந்து நின்றால் எதிரில் இருப்பவருக்கு முதலில் வருவது ஆனந்தக் கண்ணீர் இல்லை, மேலாளர் முகம்தான். வருகிற தேதியை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு உள்ளவர் என்றால் இரண்டு ஞாயிறு வருகிற மாதிரிச் சீட்டு எடுங்கள்.

முதல் நாள் பேச்சு வராது. எங்களுக்கு வரவில்லை. தினமும் மூன்று மணி நேரம் பேசியவர்கள், சாங்கியிலிருந்து ரயிலில் ஏறி தானா மேராவில் மாறும் வரை நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எனக்கு அவர் உயரம் புதிது. பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் சாய்வார் என்பது புதிது. அவருக்கு என் தமிழே புதிதாக இருந்திருக்கிறது, நேரில் நான் வேகமாகப் பேசுகிறேனாம். "ஐயோ, வேறு ஆளோ" என்று உள்ளுக்குள் பயம். அந்தப் பயத்தில் வாயை அடைக்க நாங்கள் செய்த காரியம், அடுத்த இரண்டு நாளும் காலை 8 மணியிலிருந்து இரவு 11 வரை ஊர் சுற்றியது. செந்தோசா, மரினா பே, கரையோரப் பூந்தோட்டங்கள், மறுபடி செந்தோசா. அவர் ஒவ்வொரு நுழைவுச்சீட்டையும் மனதுக்குள் ரூபாயாகப் பெருக்கிக்கொண்டே வந்தார். நான் அதை அவர் முகத்திலேயே படித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் மாலை இடிமழையில் மாட்டி, ஒரு பேருந்து நிறுத்தத்தில், தண்ணீர் பாட்டில் யார் எடுத்து வந்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டோம். தண்ணீர் பாட்டிலுக்கு!

மூன்றாம் நாள் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர் யீஷூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் ஒரு தே ஓ (பாலில்லாத் தேநீர்) வாங்கி வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கியிருக்கிறார். கீழே வந்த என் அம்மா, "பசாருக்குப் போறேன் தம்பி, வர்றியா?" என்று கேட்க, பசார் என்றால் சந்தை என்பதே புரியாமல் பின்னாலேயே போய், மீன் பையைத் தூக்கி வந்திருக்கிறார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியில் துணி காயப்போட அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டையைக் கழியில் கோத்து, விழாமல் கிளிப் போட்டு, கழியின் நுனியை மேலே தூக்கிப் பிடித்துத் துளையில் சொருக வேண்டும். பழக்கமில்லாதவர் கையில் கழி ஆடும். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

அதனால் பட்டியல் போட்டு வராதீர்கள். ஐந்து நாளில் ஒரு நாள் சுற்றுலா போதும். மற்ற நாள் அவர் போகும் பேருந்தில் போங்கள், அவர் சாப்பிடும் உணவங்காடியில் சாப்பிடுங்கள், அவர் எதற்குச் சலித்துக்கொள்கிறார் என்று பாருங்கள். தனியாகப் பேச இடம் வேண்டும் என்றால் தேக்கா சரிப்படாது. அங்கே எந்தப் பெரியம்மா எந்தக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. பூமலைக்குப் போங்கள், அதுதான் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம். அல்லது சாங்கி முனைப் படகுத்துறையில் புலாவ் உபின் தீவுக்குப் போகும் சின்னப் படகுக்கு உட்காருங்கள். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். வார நாளில் அந்தப் பன்னிரண்டாவது ஆள் வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் எவ்வளவோ பேசிவிடலாம்.

பருவநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமத்திய ரேகைக்கு 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் தீவு இது. குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. டிசம்பர், ஜனவரியில் மழை கொட்டும், மற்ற மாதங்களிலும் எப்போது வேண்டுமானாலும் இடிக்கும். பருத்திச் சட்டையும் குடையும் போதும். கடைத்தொகுதிக்குள் குளிரூட்டி நடுக்கும், மெல்லிய மேலங்கி ஒன்று இருக்கட்டும். கோட்டு வேண்டவே வேண்டாம். எம்ஆர்டி ரயிலுக்குத் தனி அட்டை தேவையில்லை, தொட்டால் வேலை செய்யும் விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டை போதும். ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் தவறுதான், அபராதம் 500 வெள்ளி வரை போகலாம்.

கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவரோ, முன்பு இருந்தவரோ சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் போய்க் கட்டினாலும் அப்படித்தான். தாலி கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கிளம்பும் நாளில் எல்லாரும் செய்கிற தவறு, பயத்தில் சீக்கிரமாகவே உள்ளே போய்விடுவது. 1ஆம் முனையத்தை ஒட்டியிருக்கும் ஜுவல் கடைத்தொகுதி, குடிநுழைவுக்கு வெளியேதான் இருக்கிறது, பயணி இல்லாதவரும் வரலாம். அந்த 40 மீட்டர் உயர உள்ளரங்க நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. அடுத்த சந்திப்பு எப்போது, யார் ஊரில், சீட்டுக்கு யார் பணம் என்பதை அங்கேயே பேசி முடித்தோம்.

அவர் அம்மா எள்ளுருண்டை போட்டு அனுப்பிய எவர்சில்வர் டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று, என் அம்மா அதில் வீட்டில் கிண்டிய காயாவை (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த ஜாம்) வழிய வழிய நிரப்பி, வாய் கட்டிக் கொடுத்திருந்தார். அவரோ பெட்டியில் வைக்க வேண்டியதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். 100 மில்லிக்கு மேல் இருக்கும் கூழ் மாதிரிக் கெட்டியான பண்டமும் திரவக் கணக்குதான், பரிசோதனையில் விடமாட்டார்கள். உள்ளிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. கையில் கழுவிய காலி டப்பா, உதட்டோரத்தில் காயா. முடிந்த மட்டும் விரலால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் மிச்சத்தை விட்டிருக்கிறார்.