பிள்ளைகளின் உரிமைக்கு அரசியலமைப்பில் ஒரு பிரிவு: மனு எழுதுவது எப்படி?

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறப்புப் பத்திரம் சரியில்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தோட்டத்துத் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த நிலை மாற, பிள்ளைகளின் உரிமையை அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவாகச் சேர்க்கச் சொல்லி நம் ஊரிலிருந்தே மனு கொடுக்க முடியும்.

முதலில் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவைப் படியுங்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது அதன் முதல் உட்பிரிவு. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் இவற்றை மட்டும் வைத்துக் குடிமக்களிடம் பாகுபாடு கூடாது என்கிறது. பாலினம் 2001இல் சேர்ந்ததுதான்; வயது இன்றும் இல்லை. கல்வி பற்றிய 12ஆவது பிரிவின் பாதுகாப்பும் குடிமக்களுக்கே. அப்பா மலேசியர், திருமணம் பதிவாகவில்லை, அம்மாவிடம் ஆவணம் எதுவும் இல்லை என்று வையுங்கள். நம் லயத்திலேயே பிறந்து வளர்ந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிவிடுகிறது.

அதனால் நீங்கள் கேட்கும் வாசகம் "ஒவ்வொரு பிள்ளைக்கும்" என்றே தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "குடிமக்களின் பிள்ளைகள்" என்று யாராவது திருத்தினால், நாம் யாருக்காகக் கிளம்பினோமோ அவர்களே விடுபட்டுப் போவார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 28ஆவது பிரிவு நல்ல மாதிரி. பிறந்ததிலிருந்தே பெயரும் நாட்டுரிமையும், பிள்ளை சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் பிள்ளையின் நலனே முதன்மை, 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் பிள்ளைகள் என்று அது தெளிவாகச் சொல்கிறது.

2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் போதாதா என்று கேட்பார்கள். அதைச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாற்றிவிடலாம். அரசியலமைப்பில் இருந்தால், முரண்படும் சட்டம் 4ஆவது பிரிவின்படி செல்லாமல் போகும். ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தத்தில் நாம் 1995இல் சேர்ந்தோம். ஆனால் பாகுபாடின்மை பற்றிய 2ஆவது பிரிவையும், பெயர், நாட்டுரிமை பற்றிய 7ஆவது பிரிவையும் அப்போதே ஒதுக்கி வைத்துத்தான் சேர்ந்தோம்.

அரசியலமைப்பைத் திருத்த மக்களவையின் 222 பேரில் 148 பேர் ஆதரிக்க வேண்டும், மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு. குடியுரிமைப் பிரிவுகளைத் தொட்டால் சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் தேவை. ஆகவே மனுவில் சமத்துவம், பிள்ளை நலன் பற்றிய கோரிக்கை ஒரு தாளில். நாட்டுரிமை தனித் தாளில். முடியாத காரியமில்லை. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கான திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் 206 வாக்குகளோடு நிறைவேறியது. அந்தத் தாய்மார் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டுங்கள். பிள்ளையின் வயது, பிறந்த இடம், எந்த ஆவணம் இல்லை, பள்ளியில் என்ன பதில் கிடைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர் மட்டும் மனுவில் வரவே கூடாது. மனு மலாய் மொழியில், தாளுக்கு ஒரே பக்கம். கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், அம்மாமார் கேள்வி கேட்கட்டும். அப்புறம் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரான ஒய்.பி.யின் சேவை மையத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இன்னொரு பிரதி மனித உரிமை ஆணையமான சுஹாக்காமின் சிறார் ஆணையருக்கு.

இதற்கிடையில், அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு வயது வரம்பு உண்டு.