நைரோபி முதல் லிவிங்ஸ்டன் வரை சைக்கிளில்: வயிறு கெடாமல், வயிறு காயாமல் போய்ச் சேர

நைரோபியில் கிளம்பி, தான்சானியா, மலாவி வழியாக ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் வரை சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சிங்கத்தைப் பற்றி. அந்தப் பாதையில் ஆளைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் கொசு, கழுவாத கை, நேரத்துக்குச் சாப்பிடாத வயிறு இந்த மூன்றும்தான். மூன்றையும் நம்மால் சமாளிக்க முடியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எந்தச் சைக்கிள், எந்த டயர், விசா எப்படி என்பதற்குள் போகவில்லை. நான் போன வழி: நமாங்கா எல்லை, அரூஷா, டொடோமா, இரிங்கா, ம்பேயா, பிறகு மலாவி ஏரியை ஒட்டி லிலாங்வே, சிபாட்டா, லுசாகா, லிவிங்ஸ்டன்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். 2016 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது அந்த மஞ்சள் புத்தகத்தைக் கேட்பார்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் இவற்றையும் மருத்துவரிடம் பேசிப் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கண்டால் நாய் துரத்தும் என்பதால், வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியும் நல்லது. அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மேற்கொண்டு ஊசிக்கு ஓடத்தான் வேண்டும்.

படி 2: மலேரியா மாத்திரை

அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. உயிரை எடுக்கக்கூடியது. எந்த மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வழக்கமாகக் கொடுப்பது மூன்று: தினம் ஒரு டாக்ஸிசைக்ளின், தினம் ஒரு அடோவாகோன்-ப்ரோகுவானில், அல்லது வாரம் ஒரு மெஃப்ளோகுவின். மெஃப்ளோகுவின் சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். தனியாகப் போகிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வெயிலில் தோலைச் சுட்டுவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் புறங்கை, மூக்கு, காது மடல் முதலில் எரியும். முழு விரல் கையுறையும் நீளக்கை சட்டையும் போட்டால் சன்ஸ்க்ரீன் செலவு பாதியாகும். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகிவிடும். அதனால் காலைச் சாப்பாட்டோடு எடுப்பதே சரி. மலேரியா பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும்.

மாத்திரை போடுகிறோம் என்று கொசுவலையை விட்டுவிடாதீர்கள். இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. சூரியன் இறங்கும்போது நீளக் கால்சட்டை, சாக்ஸ், டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு. விடுதி வலைகளில் ஓட்டை இருக்கும், ஒரு சுருள் ஒட்டுநாடா வைத்திருங்கள்.

இன்னொன்று. மலேரியாவின் ஆரம்பம் தலைவலி, உடம்பு வலி, அசதி. நாள் முழுக்க வெயிலில் மிதித்தவருக்கு இதெல்லாம் சாதாரணம் என்றுதான் தோன்றும். அங்கேதான் ஆபத்து. பையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. சின்ன ஊர்ச் சுகாதார நிலையங்களில்கூட விரல் நுனி ரத்தத்தில் கால் மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

படி 3: தண்ணீர்

கிராமத்து அடிபம்புத் தண்ணீர்தான் என் முதல் தேர்வு. ஜாம்பியாவில் பல ஊர்களில் நிற்பது இந்தியா மார்க் 2. ஆமாம், நம்மூர்த் தெருமுனையில் இருக்கிறதே, அதே பம்புதான். 1970களில் யூனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவாகி, சென்னையில் தயாராகி, பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. மலாவியில் அதிகம் கண்ணில் படுவது அஃப்ரிடெவ் பம்பு. வரிசையில் நிற்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் வணக்கம் சொல்லுங்கள், முறை வரும்வரை நில்லுங்கள், அவர்கள் குடத்துக்கும் கொஞ்சம் அடித்துக் கொடுங்கள்.

ஆழ்துளைத் தண்ணீராக இருந்தாலும் குளோரின் போடுங்கள். கென்யாவிலும் மலாவியிலும் வாட்டர்கார்ட், ஜாம்பியாவில் குளோரின் என்றே பெயரிட்ட திரவம், சின்னக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். லேபிளில் உள்ள அளவு, குறைந்தது அரை மணி நேரம். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் துணியில் வடிகட்டுங்கள், முடிந்தால் ஃபில்டரில் விடுங்கள். நுண்குழல் ஃபில்டர் பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. அதனால் எனக்கு இரண்டும் வேண்டும். புற ஊதா விளக்குப் பேனாவை நான் பரிந்துரைக்கவில்லை: பேட்டரி தீரும், கலங்கலில் பயனில்லை.

2022இல் தொடங்கி அடுத்த ஆண்டுவரை நீடித்த காலராவில் மலாவியில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீர் விஷயத்தில் சோம்பல் வரும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சாப்பாடு

பாரம் ஏற்றிய சைக்கிளில் மேடும் பள்ளமுமாக ஒரு நாள் முழுக்கப் போனால் 4,000 கலோரிக்கு மேல் செலவாகலாம். மூன்று வேளைச் சாப்பாட்டில் அது அடங்காது. பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். பசி தெரிவதற்கு முன்பே வாயில் ஏதாவது போட வேண்டும்.

நல்ல செய்தி, இந்தப் பாதை முழுக்கச் சாப்பாடு இருக்கிறது. காலை ஆறரைக்கெல்லாம் சாலையோரம் டீயும் மாண்டாசியும் சூடாக வந்துவிடும். மாண்டாசி என்பது லேசாக இனிக்கும் பொரித்த மாவுப் பண்டம். பாலோடு கொதிக்கும் டீ, எண்ணெயிலிருந்து நேரே எடுத்த மாண்டாசி, இரண்டிலும் கிருமிக்கு வழியில்லை. கூடவே இரண்டு அவித்த முட்டை. பத்து மணிக்குச் சப்பாத்தியும் பீன்ஸும். இந்தியர்கள் கொண்டுபோன சப்பாத்தி கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்று எல்லோருடைய சாப்பாடு.

மதியம் 12 முதல் 2 வரைதான் நாளின் பெரிய வேளை. பானை அப்போதுதான் இறங்கும். தான்சானியாவில் சாலையோரம் சமைத்துப் போடும் பெண்களை மாமா ந்டிலியே என்பார்கள். வயதில் மூத்தவரானால் "ஷிகமோ" என்று வணங்குங்கள், "மராஹபா" என்று பதில் வரும், அதற்குப் பிறகு தட்டில் விழும் அளவே வேறு. சோறும் பீன்ஸும் வாலி மஹராகே. பச்சைப்பயற்றுக் குழம்பு கென்யாவில் ந்டெங்கு, தான்சானியாவில் சோரோகோ. கீரையில் ம்ச்சிச்சா கேளுங்கள், நம்மூர் முளைக்கீரை இனம்.

உகாலி என்னும் மக்காச்சோளக் களி மலாவியில் ந்சிமா, ஜாம்பியாவில் ந்ஷிமா. கொதிக்கக் கொதிக்கக் கிண்டி எடுப்பது, கையால் பிசைந்து சாப்பிடுவது, நமக்கு இதில் பழக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் வெள்ளை மாவுக் களியில் கொழுப்பும் குறைவு, புரதமும் குறைவு. களியும் கீரையும் மட்டும் சாப்பிட்டு ஒரு வாரம் ஓட்டினால் தொடை கனத்துப்போகும். சோற்றுக்குப் பருப்பு போல, களிக்குப் பயறு இல்லாமல் இருக்கக் கூடாது. அதோடு நிலக்கடலை. நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல், 25 கிராம் புரதம், எல்லாச் சந்தையிலும் உண்டு. தான்சானியாவில் கராங்கா, மலாவியில் ம்டெட்சா என்று கேளுங்கள். ஜாம்பியாவில் கீரையைக் கடலைப்பொடியில் வேகவைக்கும் இஃபிசாஷி கிடைத்தால் விடாதீர்கள். கசப்பாகவோ பூஞ்சையோடோ இருக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். 2004இல் கிழக்குக் கென்யாவில் பூஞ்சை நஞ்சு ஏறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள், இது அலட்சியப்படுத்தும் விஷயமல்ல.

இரவுதான் சிக்கல். சின்ன ஊர்களில் ராத்திரி கிடைப்பது மதியம் சமைத்தது. அப்போது கண் முன்னால் சமைப்பதை மட்டும் வாங்குவேன். தான்சானியாவின் சிப்சி மயாய், உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் சேர்த்த ஆம்லெட், அதற்கென்றே பிறந்தது. தக்காளியையும் வெங்காயத்தையும் வேகவைக்காமல் நறுக்கிப் போடும் கச்சும்பாரியைத் தொடமாட்டேன். உரித்துச் சாப்பிடும் பழம் எது கிடைத்தாலும் சரி: வாழை, அவகாடோ, மாம்பழம்.

அடுப்பு வேண்டுமா? இந்தப் பாதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த எடைக்குப் பதில் அரை லிட்டர் ஃப்ளாஸ்க்கும் ஒரு டப்பா கடலை வெண்ணெயும் கொண்டுபோங்கள். நமீபியாவுக்குள் போவதானால் அப்போது அடுப்பு வாங்குங்கள்.

படி 5: உப்பு

நான் அதிகம் திணறியது இங்கேதான். டொடோமா பக்கத்து வறண்ட சாலைகளில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பேன், மாலையில் தலை வலிக்கும், சாப்பாட்டைக் கண்டால் குமட்டும், சாப்பிடாததால் மறுநாள் கால் நகராது. இன்னும் தண்ணீர், இன்னும் தலைவலி. குறைந்திருந்தது உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போய்விடுகிறது, ஆளுக்கு ஆள் கூடும் குறையும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். மிஞ்சினால் குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

தீர்வு எளிது. இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை, சர்க்கரை. அவித்த முட்டைக்கும் அவகாடோவுக்கும் உப்புத் தூவிச் சாப்பிடுங்கள். சட்டையில் வெள்ளைக் கோடு படிந்தால் இன்னும் கூட்டுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை, நாள் முழுக்க நிறமே இல்லாமல் தண்ணீராகப் போனால் அளவு மிஞ்சுகிறது.

படி 6: வயிற்றுப்போக்கு வந்தால்

நிறுத்துங்கள். அன்றைக்கு மிதிக்க வேண்டாம். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஒரு ஸ்பூன் உடன் இருக்கட்டும். போக்கை நிறுத்தும் லோப்பராமைடு மாத்திரை பஸ்ஸில் போயே ஆக வேண்டிய நாளுக்கு மட்டும். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடாமல் மருத்துவமனை. கஞ்சித் தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

படி 7: தோல்

பேட் வைத்த கால்சட்டையைத் தினம் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டுப் புண். ஆனால் ஈரத் துணியை வெளியே நிழலில் காயப்போட்டால் புட்ஸி ஈ முட்டையிடும். துணியைப் போட்டதும் புழு தோலுக்குள் போய்க் கொப்புளமாகும். இரண்டு தொல்லைக்கும் சேர்த்து ஒரு வழி: கூடாரத்துக்குள் அல்லது கொசுவலைக்குள் காயவையுங்கள். விடுதியில் கரி இஸ்திரிப் பெட்டி இருந்தால் தையல் ஓரங்களில் நன்றாகத் தேயுங்கள்.

பின்சேர்க்கைகள்

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். ஸ்வாஹிலியில் "பிலா ந்யாமா" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் மீனை இறைச்சிக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை, "பிலா சமாகி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாவி ஏரிக்கரையில் கீரைக்குள்ளேயே உசிபா என்ற பொடிமீன் கிடக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

கறுப்பும் நீலமுமாகச் சட்டை போட்டுப் போன வாசகர் ஜாம்பியாவில் பகலில் ஈக்கள் துணிக்கு மேலேயே கடித்ததாக எழுதினார். அது செட்சி ஈ. அந்த இரண்டு நிறமும் அதை இழுக்கும், அதைப் பிடிக்கும் பொறிகளைக்கூட நீலத்துணியில்தான் செய்கிறார்கள். காக்கி, வெளிர் பழுப்பு நிறம் போடுங்கள். அசையும் பொருளைத் துரத்தி வருவதால் வேகமாக மிதித்துத் தப்ப முடியாது.

மலாவி ஏரியில் குளிக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். கேப் மக்ளியர், ந்கட்டா பே இரண்டுமே அழகான இடங்கள், ஏரியில் பில்ஹார்சியா என்ற புழு நோய் இருப்பதும் உண்மை. நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியாக உள்ளே போகும், அப்போது ஒன்றும் தெரியாது. இறங்கியிருந்தால் கடைசியாக நனைந்த நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்து பிராசிகுவான்டெல் என்ற மாத்திரை எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் பயனில்லை, அந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும்.

கடைசியாக வந்த கேள்வி, ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுங்கள், மாத்திரை ஒன்றுகூட விடாமல் போட்டிருந்தாலும். எந்த நாடுகள், எந்தத் தேதிகள் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் டெங்கு என்று தொடங்குவார், ஏரியில் குளித்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.