பட்டாளத்துக்காரர் கிளப்புக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், வெலிங்டன், ஊட்டி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற சுபேதாரோ மேஜரோ பழக்கமாகிவிட்டால், "சாயங்காலம் கிளப்புக்கு வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று ஒருநாள் அழைப்பு வரும். 1852-இல் ஜக்கதளா பக்கம் பேரக்ஸ் (படைவீரர் தங்கும் கட்டடங்கள்) கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இது பட்டாளத்து மலை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இங்கேதான். 1950-இல் ராணுவ அதிகாரிகள் மேற்பயிற்சி பெறும் ஸ்டாஃப் காலேஜும் வெலிங்டனுக்கு வந்தது. பணி முடிந்தும் கீழே இறங்க மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவும் ஓய்வுக்காலத்தைக் குன்னூரில்தான் கழித்தார்.

இவர்கள் கூடும் இடம் பெரும்பாலும் பழைய பங்களாவாக இருக்கும். பின்புறம் ஆறோ ஓடையோ ஓடும். மர வராந்தா, கணப்பு, சாய்வு நாற்காலிகள், சத்தமில்லாத ஒரு பார். அதட்டுவதற்கு யாரும் இல்லை, அவசரப்படுத்தவும் யாரும் இல்லை. கட்டுப்பாடே இல்லாத இடம் என்று புதிதாக வருகிறவர் நினைத்துக்கொள்வது இதனால்தான். அந்த நிதானம் உறுப்பினர்கள் பல வருடம் பழகித் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டது. உள்ளே நுழையும்போது விருந்தினர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுவது உங்களை அழைத்தவர். நீங்கள் செய்கிற தவறுக்குக் கமிட்டியிடம் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கீழே சொல்வதையெல்லாம் அந்தக் கையெழுத்தை நினைவில் வைத்துப் படியுங்கள்.

நாள் பார்க்காமல் கிளம்புவது

"சுதந்திர தினத்தில் ராணுவ வீரர்களோடு ஒரு கிளாஸ் தூக்கலாம்" என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் ஜனவரி 26-ஆம் தேதியும் தமிழ்நாட்டில் மது விற்பனை கிடையாது. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், மீலாதுன் நபி, காந்தி ஜெயந்தி ஆகியவையும் அப்படித்தான். டாஸ்மாக்கோடு எஃப்.எல்.2 உரிமத்தில் நடக்கும் கிளப் பார்களும் அன்று பூட்டியிருக்கும். தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் பார் திறக்காது. அந்த நாட்களில் போய்விட்டு, "தெரிஞ்சவங்களுக்குக் கூடவா இல்லை?" என்று பார் ஊழியரை நச்சரிப்பது அவருடைய வேலைக்கே உலை வைக்கும்.

வேறு சில நாட்களில் பார் திறந்திருந்தாலும் போகாமல் இருப்பது நல்லது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஜூலை 26 கார்கில் வெற்றி தினம், டிசம்பர் 16 1971 போரின் வெற்றி தினம். அன்றைக்கு அவர்கள் தங்களுக்குள் கூடுவார்கள், இறந்த தோழர்களை நினைப்பார்கள். அந்த நாளுக்கென்றே அழைத்தால் தவிர, வேறு நாள் கேட்டு வாங்குங்கள்.

வாசலிலேயே நடக்கும் பிழைகள்

அழைத்தவர் வருவதற்கு முன்பே போய் உள்ளே உட்கார்ந்துவிடுவதுதான் முதல் பிழை. அவர் வரும்வரை வெளியே நில்லுங்கள். வேறொரு உறுப்பினர் "உள்ளே வாங்க" என்று மரியாதைக்குச் சொன்னாலும், "சார் வந்துடட்டும்" என்று சொல்வதே சரி. "இவரையும் கூட்டிட்டு வந்தேன்" என்று கடைசி நிமிடத்தில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஒரு உறுப்பினர் எத்தனை பேரை அழைத்து வரலாம் என்பதற்குப் பெரும்பாலான கிளப்களில் கணக்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் அவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருக்கும் இடமென்றால் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். வழியில் கேட், காவல் கொட்டகை, அறிவிப்புப் பலகை எதையும் படம் எடுக்க வேண்டாம். ட்ரோன் பற்றி யோசிக்கவே கூடாது. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் தேவைப்படுவதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயது நிறையாதவரை "பார்க்கப் பெரியவன் மாதிரிதான் இருப்பான்" என்று பாருக்குள் கூட்டிப்போனால் சிக்கல் உரிமம் வைத்திருக்கும் கிளப்புக்குத்தான்.

உடை விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வேட்டி கட்டினால் விடமாட்டார்கள் என்று பயந்து, பழக்கமில்லாத கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சென்னையில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியைக் கிளப் ஒன்று வாசலோடு திருப்பி அனுப்பியதையடுத்து, 2014-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. வேட்டிக்காக அனுமதி மறுக்கும் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்யலாம். நல்ல வேட்டி, சட்டை தாராளமாகப் போதும். மறுபக்கம், "ஜாலியான இடம்தானே" என்று கைலி, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு வருவது. காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ என்றால் எங்கேயும் கேள்வி வராது. ஊட்டிக் குளிருக்குப் போட்ட குல்லாவை பாருக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள். தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குள் (படையினரின் உணவுக்கூடத்துக்குள்) நுழையாதது பட்டாளத்தில் ஊறிய வழக்கம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

பார் மேடையில்

பர்ஸை எடுத்து 500 ரூபாய் நோட்டை நீட்டுவது நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. எஃப்.எல்.2 உரிமம் கிளப் தன் உறுப்பினர்களுக்கு வழங்குவதற்காகக் கொடுக்கப்படுவது. வெளியாள் காசு கொடுத்து வாங்கினால் அது விற்பனையாகிவிடும், கிளப்பின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால்தான் சிட்டில் (பில் சீட்டில்) உறுப்பினர் கையெழுத்துப் போட, மாதக் கடைசியில் அவர் கணக்கில் ஏறுகிறது. நீங்கள் கேட்பது ஒவ்வொன்றும் அவருடைய ஓய்வூதியத்திலிருந்து போகிறது என்பதே இதற்கு அர்த்தம். "எல்லாருக்கும் ஒரு ரவுண்டு என் கணக்குல" என்று அறிவிப்பதற்கு உங்களுக்கு அங்கே கணக்கு இல்லை. விலை கேட்காமல் ஸ்காட்ச் சொல்லாதீர்கள். அவர் குடிப்பதையே நீங்களும் கேட்பது பத்திரமான வழி. மேடையில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் பல கிளப்களில் இல்லை. ஊழியர் நலப் பெட்டி இருந்தால், அழைத்தவரைக் கேட்டுக்கொண்டு அதில் போடலாம்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. இங்கே சின்ன பெக் 30 மி.லி., பெரிய பெக் 60 மி.லி. 42.8 சதவீத ரம்மோ விஸ்கியோ 30 மி.லி. என்றால் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 650 மி.லி. பியர் 5 சதவீதமாக இருந்தால் அதில் சுமார் 25 கிராம், அதாவது இரண்டரை சின்ன பெக். 8 சதவீத ஸ்ட்ராங் பியர் நான்கு சின்ன பெக்குக்குச் சமம். "நான் பியர்தான்" என்று தைரியமாக இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம்விட மோசமானது கேன்டீன் சரக்கு கேட்பது. "உங்க கோட்டாவுல ரெண்டு பாட்டில் எடுத்துக் குடுங்க சார், காசு குடுத்துடறேன்." பலரும் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்கள். ராணுவ கேன்டீன் மது, கார்டு வைத்திருப்பவரின் சொந்த உபயோகத்துக்கு, வரிச்சலுகையோடு கொடுக்கப்படுவது. வெளியாளுக்கு விற்றால் அவர் கார்டு பறிபோகும், வழக்கும் வரலாம். ஒரு மனிதரின் பெயரை இரண்டு பாட்டிலுக்காகப் பணயம் வைக்கச் சொல்வது நியாயமே இல்லை. வெளியிலிருந்து பாட்டில் கொண்டுபோய் மேசைக்கு அடியில் ஊற்றுவதும் அதே வகை.

குடிக்காதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பழைய பட்டாளத்துக்காரர்களில் எலுமிச்சைச் சாறோடும் டீயோடும் மாலை முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. மாத்திரை சாப்பிடுகிற வயது. "மிலிட்டரிக்காரரா இருந்துட்டு குடிக்க மாட்டீங்களா?" என்ற கேள்வி யாரையும் மகிழ்விக்காது.

பழைய வீட்டைப் பழைய வீடாகப் பாருங்கள்

நூறு வருடத்துக்கு மேற்பட்ட தேக்கு மேசையில் ஈரக் கிளாஸை வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். அந்தக் கால மெருகு பெரும்பாலும் அரக்குப் பாலிஷ். அரக்கை ஆல்கஹாலில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் பூச்சுப் பூச்சாகத் தேய்த்து ஏற்றுவது. எதில் கரைத்துப் பூசினார்களோ அதுவே மேலே சிந்தினால் மெருகு மறுபடி கரைகிறது, அல்லது வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. சுடுதண்ணீர் கலந்த ரம் கிளாஸின் சூடும் ஈரமும் அதே வெள்ளை வளையத்தை விட்டுப்போகும். கிளாஸுக்கு அடியில் கோஸ்டர் வைப்பது இதனால்தான். சிந்திவிட்டால் கைக்குட்டையால் அழுத்தித் தேய்க்காதீர்கள், இளகிய மெருகு துணியோடு வந்துவிடும். உலர்ந்த துணியை மேலே வைத்து ஒற்றி எடுத்து, உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். மறைப்பதுதான் சேதத்தைப் பெரிதாக்கும்.

ஸ்நூக்கர் மேசை இருந்தால் அதன் விளிம்பில் கிளாஸ் வைக்கவே கூடாது. கம்பளித் துணியில் ஈரம் பட்டால் அந்த இடத்தில் பந்து ஓடும் வேகம் மாறும், துணியை மாற்றச் செலவும் அதிகம். ஸ்நூக்கருக்கு இந்த மலையில் தனி மரியாதை உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டத்துக்கு 1882-இல் விதிகள் எழுதி வைக்கப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். ஆடத் தெரியாமல் குச்சியைத் துணியில் குத்திக் கிழிப்பதைவிட, பார்த்துக்கொண்டிருப்பது மேல்.

கணப்பில் நீங்களாகக் கட்டை போடாதீர்கள், பிளாஸ்டிக் கப்பையும் சிகரெட் பெட்டியையும் எறியாதீர்கள். பழைய புகைக்கூண்டில் கரி படிந்திருக்கும், தீ அதிகமானால் அது பற்றிக்கொள்ளும். மரத்தரையில் தெறிக்கும் ஒரு பொறியும் போதும். சுவரில் மாட்டிய குழுப் படங்களைக் கழற்றிப் பார்ப்பது, பதக்கங்களைக் குத்திக்கொண்டு செல்ஃபி எடுப்பது வேண்டாம். உறுப்பினர்கள் தெரியும்படி எடுத்த படத்தை அவர்களிடம் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

ஆற்றைக் கண்டதும் கிளாஸோடு கீழே இறங்கத் தோன்றும். இருட்டில் பாறை வழுக்கும். இங்கே தூறல்கூட இல்லாதபோது மேலே பெய்த மழையில் தண்ணீர் சட்டென்று ஏறும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அதிகம். அந்தி சாய்ந்தால் காட்டுமாடு தண்ணீருக்கு வரும். கரடியும் வரலாம். பாட்டிலை ஓடைக்கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். உடைந்த கண்ணாடி விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்பதால்தான் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் கொடுக்கும் திட்டத்தை 2022-இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கினார்கள்.

பேச்சில்

"எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?" இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். பதில் சொல்லக்கூடியவர் சொல்ல விரும்ப மாட்டார். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இருந்த தமிழ் வீரர்களிடம் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். தமிழராகவும் இந்திய ராணுவத்தவராகவும் அங்கே நின்றவர்களுக்கு அது எளிதாகப் பேசித் தீருகிற விஷயமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததைப் பற்றி வாட்ஸ்அப்பில் படித்த ஊகங்களை அவர்கள் முன் விரிக்காதீர்கள். ஹெலிகாப்டர் வந்துகொண்டிருந்தது வெலிங்டனுக்குத்தான். இங்குள்ளவர்களுக்கு அது சொந்த வீட்டுத் துக்கம்.

"எந்த ரெஜிமென்ட் சார்?", "எந்த வருஷம் சேர்ந்தீங்க?", "எங்கெங்கே போஸ்டிங்?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கே ஒரு மாலை போதாது. தெரியாவிட்டால் எல்லோரையும் "சார்" என்றே கூப்பிடலாம். கேட்டவுடன் "ஆபீசரா, ஜவானா?" என்று பிரிக்காதீர்கள். சிப்பாயாகச் சேர்ந்து கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர் அங்கே உட்கார்ந்திருப்பார். கணப்புக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரும் முன் கேளுங்கள். தினமும் ஏழு மணிக்கு வரும் ஒருவருடையதாக அது இருக்கலாம்.

கிளம்பும்போது

குளிருக்கு இன்னொரு பெக் என்று ஏற்றிக்கொண்டு கிளம்புவது உடம்பைச் சூடாக்காது. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். சாப்பாட்டை எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், சமையலறை சீக்கிரம் மூடும்.

வண்டி ஓட்டுவதாக இருந்தால் ஒரு பெக்கும் வேண்டாம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலான கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டத்தில் எதிரே வருவது பஸ்ஸா காட்டுமாடா என்று தெரியாது. உள்ளூர் டாக்ஸி ஸ்டாண்டில் மாலையிலேயே சொல்லி வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வரும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கும் ஒரு கணக்கு: ஒரு சின்ன பெக் கரைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இரவு 11 மணிக்கு ஆறாவது பெக்கோடு படுத்தவர் காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கில் உட்காரக் கூடாது.

அழைத்தவருக்குக் கைமாறு செய்ய வேண்டுமென்றால் சிட்டுக்குப் பணம் கொடுக்க முயலாதீர்கள், சங்கடப்படுவார். அடுத்த முறை அவரைக் குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். டிசம்பர் 7 கொடி நாளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக நிதி கொடுத்து ரசீது வாங்கலாம், அந்தப் பணம் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் போர்க்கைம்பெண்களுக்கும் போகிறது.