உங்கள் ஐடல் தற்காலிக ஓய்வு அறிவித்தால் ரசிகராக என்ன செய்யலாம்

போன மாதம் பள்ளத்தூர் வீட்டில், வளவில் தூணோரம் உட்கார்ந்து என் அண்ணன் மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அவளுடைய ‘ஓஷி’, அதாவது அவள் மனதுக்குப் பிடித்த ஜப்பான் ஐடல் (மேடையில் பாடி ஆடும் இளம் கலைஞர்), உடல்நிலை காரணமாகக் கொஞ்ச நாள் மேடைக்கு வரமாட்டார் என்று அறிவிப்பு. “என்ன பண்ணுதுன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க அத்தை” என்று கண் கலங்கினாள். அன்று அவளும் நானும் சேர்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அறிவிப்பில் இருப்பதை மட்டும் படியுங்கள். உடல்நிலை என்று போட்டிருந்தால் அதோடு விடுங்கள், காதலா, குழுவுக்குள் சண்டையா என்று தோண்டாதீர்கள். அங்கே பல குழுக்களில் காதலிக்கவே கூடாது. 2013-இல் ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் மினெகிஷி மினாமி ஒரு ஆணின் வீட்டில் தங்கியதாகப் பத்திரிகையில் வந்ததும், தலையை மொட்டையடித்துக்கொண்டு யூடியூபில் அழுது மன்னிப்புக் கேட்டார். 2015-இல் டோக்கியோ நீதிமன்றம், காதலித்த ஒரு ஐடல் தன்னை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு 6,50,000 யென் நஷ்டஈடு தர வேண்டும் என்றது, மறு வருடமே அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் காதலிப்பது அவரவர் உரிமை என்று நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு மாறலாம், வதந்தியைத் தேடிப் படிக்கும் நாம் மாறாதவரை அந்தப் பெண்களுக்கு நிம்மதி ஏது? அதனால் ஸ்கிரீன்ஷாட் வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

அப்புறம், அந்தச் சிரிப்பும் வேலைதான் என்று புரிந்துகொள்ளுங்கள். 2005-இல் அகிஹபராவில் ஏகேபி48 தொடங்கியபோதே ‘நேரில் சந்திக்கக்கூடிய ஐடல்’ என்றுதான் சொன்னார்கள். சிடி வாங்கினால் கைகுலுக்கச் சீட்டு, சில விநாடிகள், அடுத்த ஆள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துப் பெண்ணுக்குச் சாயங்காலம் தாடை வலிக்குமே, அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. 2009 முதல் 2018 வரை ரசிகர் ஓட்டை எண்ணி யாருக்கு எத்தனையாவது இடம் என்று ஊரறிய வேறு அறிவித்தார்கள். 2014-இல் இவாதேயில் கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கு ஒருவன் ரம்பத்தோடு வந்து இரண்டு பெண்களை வெட்டிக் காயப்படுத்தினான். முன்னால் நிற்பவர் யாரென்றே தெரியாமல் கையை நீட்ட வேண்டிய வேலை அது.

இனி, என்ன எழுதுவது என்பது. அவள் எழுதியிருந்தது: “சீக்கிரம் வாங்க, நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது, எப்ப வருவீங்க?” அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் படுத்திருக்கும் ஆள் படித்தால் மூன்றும் மூன்று கடன். ஒவ்வொன்றாக அழித்தோம். கடைசியில், “உங்கள் பாட்டு எனக்குப் பரீட்சை நேரத்தில் துணையாக இருந்தது, நன்றாக ஓய்வெடுங்கள், பதில் வேண்டாம்” என்று நின்றது. அந்தக் கடைசி இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திரும்பி வருவாரா என்று நாள் எண்ணாதீர்கள். செக்ஸி ஸோன் குழுவின் மத்சுஷிமா சோ, கிங் அண்ட் பிரின்ஸ் குழுவின் இவாஹாஷி கென்கி இருவருமே பேனிக் டிஸார்டர் (திடீர் திடீரென்று கடும் பயம் வந்து ஆட்டும் மனநோய்) என்று வெளிப்படையாகச் சொல்லி 2018-இல் ஓய்வெடுத்தார்கள். முதலாமவர் 2020-இல் மேடைக்கு வந்தார், இரண்டாமவர் 2021-இல் குழுவை விட்டே விலகினார். இரண்டையும் ஒரே மனதோடு ஏற்கப் பழகுங்கள், எனக்கும் அது லேசில் வரவில்லை.

உங்களையும் பாருங்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், அங்கே காலை ஆறு என்றால் இங்கே இரவு இரண்டரை, புதுப் பதிவு வந்ததா என்று அந்நேரம் விழித்துப் பார்க்கிறீர்கள் என்றால் போனை ராத்திரி ஆத்தாவிடமோ அப்பத்தாவிடமோ கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள், “எவளோ ஒருத்திக்காக அழுவாளா” என்று கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்று நாட்கள் நீண்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.